ஒப்பனையறையும் தையலறையும்

புகைப்படம் கலையா, அன்றி வெறும் இயந்திரத்தின் தொழிலா என்ற வினாவுக்கு உலகம் விடை கூறி நெடுங்காலமாயிற்று. அது கலையே என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த விடையின் நிழலிலே புதியதொரு கூற்று அண்மைக் காலத்தில் வேரூன்றி வருகின்றது. பாரிஸிலும் மிலானிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் ஆண்டுதோறும் நடைபெறும் ஆடை அலங்காரக் காட்சிகளின்போது, மேடைக்குப் பின்னாலுள்ள ஒப்பனையறையில் எடுக்கப்படும் புகைப்படங்கள் யாவும் நுண்கலைச் சிருஷ்டிகள் என்பதே அக்கூற்று. இப்படங்கள் கனத்த தாளிலே பெருநூல்களாக வெளிவருகின்றன. எண்ணிடப்பட்ட பிரதிகளாகக் கலைக்கூடங்களில் விலைபோகின்றன. பெரிய நூதனசாலைகளின் சுவர்களிலும் இடம்பெறுகின்றன. இவற்றை விதந்து எழுதும் விமர்சகர்கள், மேடையிலே காண்பது மாயை, மேடையின் பின்னே காண்பதே உண்மை என்று கூறத் தயங்குவதில்லை.

எங்கோ பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளின் ஆடை பற்றிய பேச்சு எமக்கெதற்கு என வாசகர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் இங்கே எழும் பிரச்சினை ஆடையைப் பற்றியதன்று. கலையில் உண்மை என்பது யாது என்பதைப் பற்றியது. அந்தப் பிரச்சினையிலே எமக்குப் பங்குண்டு. உலகம் உடுத்தும் ஆடையைத் தைத்துக் கொடுக்கும் நாடுகளுள் ஒன்றிலே வாழ்பவர்கள் என்ற வகையிலும் எமக்குப் பங்குண்டு.

முதலில், இப்படங்களை எடுப்போருக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். ஓர் ஆடைக் காட்சி பத்து அல்லது பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடுவது. அதற்காகப் பல மணி நேரம் ஒப்பனையறையிலே மனிதர்கள் பரபரக்கின்றனர். தலைமயிரைச் சீவுவோர், முகத்துக்கு மை பூசுவோர், நீராவி இஸ்திரிக்கையோடு நிற்போர், முழந்தாளிட்டு விளிம்பை ஊசியால் பிணைப்போர் என அறை நிறைந்து வழிகின்றது. ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய ஆடைகள் தனித்தனியே தொங்க, எந்த ஆடை எந்தச் செருப்போடு சேரவேண்டும் என்பதைக் காட்டும் படம் ஒவ்வொன்றின் அருகிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் ஒருத்தியின் ஆடையைக் களைந்து மற்றொன்றை அணிவித்து அனுப்பவேண்டும். இந்தக் குழப்பத்தின் நடுவே ஒளியையும் அசைவையும் கணித்து, ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவது இலேசான காரியமன்று. அமெரிக்க வோக் சஞ்சிகைக்காகப் பல ஆண்டுகள் ஒப்பனையறைகளில் உழைத்த ரொபேட் பெயரர் போன்றோரின் தொழில் திறமையை நாம் மறுக்கவில்லை. கண்ணுக்கு விருந்தான படங்கள் அவை. ஆனால் கண்ணுக்கு விருந்தாவது வேறு, உண்மையைச் சொல்வது வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்துவிட்டதாகப் பறைசாற்றும்போதுதான் நாம் குறுக்கிட நேர்கின்றது.

இக்கட்சியினரின் முதல் வாதம், ஒப்பனையறைப் படங்கள் பாவனையற்றவை, ஆகவே உண்மையானவை என்பது. மேடையில் நடப்பவள் பொம்மை போல் நடக்கின்றாள். பின்னறையில் அவளே கொட்டாவி விடுகின்றாள், சிகரெட் புகைக்கின்றாள், தோழியின் தோளில் சாய்ந்து உறங்குகின்றாள். எனவே இதுதான் யதார்த்தம் என்பர். இயற்பண்பையும் யதார்த்தத்தையும் ஒன்றெனக் கொள்ளும் பழைய மயக்கமே இங்கும் தலைகாட்டுகின்றது. கண்டதைக் கண்டவாறே பதிப்பது இயற்பண்பு. கண்ட பொருள் ஏன் அவ்வாறிருக்கின்றது, எந்த உறவுகள் அதனை அவ்வாறு ஆக்கின என்பதைப் புலப்படுத்துவது யதார்த்தம். ஒரு தொழிற்சாலையின் வெளித்தோற்றத்தைப் படமெடுத்தால் அதனுள்ளே நிலவும் உறவுகளைப் பற்றி எதுவும் தெரியவராது என்ற கருத்தை ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் 1930களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். தொழிற்சாலைக்குப் பொருந்துவது ஒப்பனையறைக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த ஒப்பனையறைக்குள் எவரும் தாமாக நுழைந்துவிட முடியாது. ஆடை நிறுவனம் வழங்கும் அனுமதிச் சீட்டுக் கழுத்திலே தொங்கவேண்டும். யாரை உள்ளே விடுவது என்பதை அந்நிறுவனத்தின் விளம்பரப் பகுதியினரே தீர்மானிக்கின்றனர். அடுத்த பருவத்திலும் சீட்டு வேண்டுமாயின் நிறுவனம் முகஞ்சுளிக்கும் படம் எதுவும் வெளிவரலாகாது என்பதை எந்தப் படப்பிடிப்பாளரும் அறிவார். இவ்வாறு திறந்துவிடப்படும் பின்புறம் பின்புறமாகுமா? அது இரண்டாவது மேடை. முதல் மேடையிலே ஆடை விற்கப்படுகின்றது. இரண்டாவது மேடையிலே அந்த ஆடையைச் சூழ்ந்த கவர்ச்சி விற்கப்படுகின்றது.

இரண்டாவது வாதம் கலை வரலாற்றைத் துணைக்கழைப்பது. எட்கார் டெகா பாரிஸ் ஒப்பெரா நடன மாதரை மேடையின் பக்கத் தட்டிகளுக்கிடையிலும் பயிற்சி அறைகளிலும் வைத்து வரைந்தார். அவை பேரோவியங்கள் என்பதை உலகம் ஒப்புகின்றது. அவர் தூரிகையால் செய்ததை இவர்கள் கமராவால் செய்கின்றனர் என்பர். டெகாவின் பெயரை இவர்கள் எடுத்தமை நல்லதே. அவருடைய படங்களைச் சற்று உற்றுநோக்குமாறு அவர்களையே நாம் அழைக்கின்றோம்.

அக்காலத்து ஒப்பெராவிலே வாரந்தோறும் ஆசனம் வாங்கிய செல்வந்தச் சந்தாதாரர்களுக்கு மேடையின் பின்புறம் செல்லும் உரிமை இருந்தது. நடன மாணவிகளோ பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துச் சிறுமிகள். செல்வந்தரின் ‘ஆதரவு’ எத்தகையது என்பதை அன்றைய பாரிஸ் நன்கறியும். 1870களில் டெகா வரைந்த ‘நட்சத்திரம்’ என்ற படத்தில் நர்த்தகி ஒளிவெள்ளத்தில் ஆடுகின்றாள்; ஆனால் பின்னே, தட்டியின் மறைவிலே, முகம் தெரியாத ஒரு கறுப்பு அங்கிக்காரன் நிற்கின்றான். அவன் அங்கே நிற்பதனாலேயே அந்தப் படம் வெறும் அழகுப் படமாகாமல் நின்றது. 1881ஆம் ஆண்டு டெகா காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நர்த்தகி’ என்ற மெழுகுச் சிலைக்கு மாதிரியாக நின்ற மரி வான் கூதெம் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். அச்சிலையை அவலட்சணம் என்று அன்றைய விமர்சகர் பலர் ஏசினர். அடுத்த ஆண்டே மரி ஒப்பெராவிலிருந்து நீக்கப்பட்டாள். அதன்பின் அவளுடைய வாழ்வு ஏடுகளிலிருந்து மறைகின்றது. சிலையின் வெண்கலப் பிரதிகளோ இன்று உலகின் பெரும் நூதனசாலைகளை அலங்கரிக்கின்றன. டெகா புரட்சிக்காரர் அல்லர். அவருடைய அரசியற் கருத்துக்கள் பிற்போக்கானவை. ஆயினும் கலைஞனின் கண் அவருடைய கருத்தை மீறிக் கறுப்பு அங்கியைக் கண்டது; கண்டதை அழிக்காமல் விட்டது.

இனி, இன்றைய ஒப்பனையறைப் பெருநூல்களைப் புரட்டிப் பாருங்கள். அழகியர் உளர், ஆடை வடிவமைப்பாளர் உளர், சில வேளை ஊசியோடு குனிந்த ஒரு கையும் உண்டு. கறுப்பு அங்கிக்காரனை மட்டும் காணோம். அவன் இறந்துவிட்டானா? இல்லை. 1947 பெப்ரவரி 12ஆந் திகதி பாரிஸில் கிறிஸ்தியான் டியோர் தமது முதற் காட்சியை நடத்தியபோது அதற்கு முதலிட்டவர் மார்செல் பூசாக் என்ற பருத்தித் துணி முதலாளி. போருக்குப் பிந்திய பஞ்ச காலத்திலே மீற்றர் மீற்றராகத் துணியை விழுங்கும் பாவாடைகள் ‘புதிய தோற்றம்’ எனப் போற்றப்பட்டதில் துணி முதலாளிக்கு நட்டமேதும் இருக்கவில்லை. பூசாக்கின் சாம்ராச்சியம் சரிந்தபின் 1984இல் அதனை வாங்கிய பெர்னார் ஆர்னோ, பின்னர் உலகின் முதற் பணக்காரர்களுள் ஒருவரானார். ஒப்பனையறையிலே தெறிக்கும் ஒவ்வொரு கணமும் இத்தகையோரின் கணக்கேட்டிலே சென்று சேர்கின்றது. அந்தக் கணக்கேட்டின் நிழல்கூட இப்படங்களில் விழுவதில்லை.

அந்த ஆண்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுகூரத்தக்கது. டியோரின் ஆடையணிந்த பெண்களை மொன்மாத்ர் பகுதியிலுள்ள லெப்பிக் வீதிச் சந்தைக்கு அழைத்துச் சென்று படமெடுக்க முயன்றனர். சந்தையிலிருந்த பெண்கள் கொதித்தெழுந்து அந்த ஆடையைப் பற்றிக் கிழித்தனர். அச்சம்பவமும் படமாகியது. அணிந்திருந்த பெண் கூலிக்கு வந்தவள்; அவள்மீது கைவைத்தது முறையன்று. ஆனால் அந்தப் படத்திலே ஒரு சமுதாயம் தெரிகின்றது. பட்டினியும் பகட்டும் ஒரே வீதியில் முட்டிக்கொள்வது தெரிகின்றது. நூறு ஒப்பனையறைப் படங்கள் சேர்ந்தும் சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லிவிடுகின்றது.

மூன்றாவது வாதமே எம்மை மிகவும் வருத்துவது. உடை மாற்றும் பெண்ணின் அரைகுறை நிலையிலே ‘பலவீனத்தின் அழகு’ வெளிப்படுகின்றது என்பது அது. இந்த வாக்கியத்தை எழுதியவர்கள் அப்பெண்ணைக் கேட்டுத்தான் எழுதினரா? கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். மொடல் தொழில் செய்த சாரா சிப் 2012இல் நியூயோர்க்கில் தம்மொத்த தொழிலாளருக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கியபோது, அச்சங்கம் எழுப்பிய முதற் குறைகளுள் ஒன்று, ஆடை மாற்றும் நேரத்திலே ஒப்பனையறையில் கமராக்கள் சூழ்ந்து நிற்கின்றன என்பதே. இத்தொழிலில் இறக்கப்பட்டோருள் பதினெட்டு வயது நிரம்பாத சிறுமியரும் இருந்தனர். அவர்களுக்கும் சிறுவர் கலைஞருக்குரிய சட்டப் பாதுகாப்பை நியூயோர்க் மாநிலம் வழங்கியது 2013இலேதான். மறைவாக உடைமாற்ற ஓர் இடம் என்ற மிக எளிய உரிமை நியூயோர்க் ஆடை வாரத்திலே 2018இல்தான் கிட்டத் தொடங்கியது. முகவர் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2024 இறுதியில் ஒப்பமாகி, 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

ஆக, விமர்சகர் ‘பலவீனத்தின் அழகு’ என்று பாராட்டியதை, அப்பெண்கள் தமது சங்கத்தின் மூலம் ‘எமது குறை’ என்று பதிவுசெய்தனர். இவ்விரு கூற்றுக்களுள் எதை நம்புவது என்பதில் எமக்குத் தயக்கமில்லை. தொழிலாளியின் சம்மதமின்றி அவளுடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது கலைப்பொருளாயினும் அதிலே ஒரு களவு கலந்திருக்கின்றது.

கவர்ச்சியை எதிலிருந்தும் பிழிந்தெடுக்கலாம் என்ற மனோபாவம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த டியோர் காட்சி சான்று. வடிவமைப்பாளர் ஜோன் கலியானோ, சேன் நதிக்கரையில் படுத்துறங்கும் வீடற்றோரின் கந்தலைக் கண்டு ‘ஊக்கம்’ பெற்றார். செய்தித்தாளின் அச்சு பொறித்த பட்டும், வேண்டுமென்றே கிழித்த மெல்லிழைத் துணியும், இடுப்பிலே கட்டித் தொங்கவிட்ட வெற்றுக் குடுவைகளும் மேடையேறின. வீடற்றோருக்காகப் போராடுவோர் அந்நிறுவனத்தின் வாயிலிலே திரண்டு கண்டனம் தெரிவித்தனர். கந்தல் உள்ளே அரங்கேறியது; கந்தலை அணிந்தவன் வெளியே நின்றான். இதைவிடச் சிறந்த ‘மேடைக்குப் பின்புறம்’ வேறு உண்டா? கமராக்கள் திரும்பியிருக்கவேண்டிய திசை அதுவே.

மெய்யான பின்புறம் எங்கே இருக்கின்றது என்பதை இத்தாலிய நீதிமன்றம் 2024இல் உலகுக்குக் காட்டியது. மிலான் நகருக்கு அண்மையிலுள்ள சிறு பட்டறைகளிலே, துணை ஒப்பந்தத்தின் பேரில், பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த தொழிலாளர் இரவு பகலாக உழைத்தனர், பட்டறையிலேயே உறங்கினர், வேகமாக வேலை வாங்குவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. டியோரின் கைப்பை ஒன்றை அங்கே பொருத்தி முடிப்பதற்கு, மூலப்பொருளின் செலவு நீங்கலாக, 53 யூரோ கொடுக்கப்பட்டது எனவும், அதே பை கடையில் 2,600 யூரோவுக்கு விற்கப்பட்டது எனவும் அரச வழக்குத்தொடுநர்களின் ஆவணங்கள் கூறின. மேற்பார்வையில் தவறியமைக்காக டியோரின் உற்பத்திக் கிளையொன்றும், அதற்குச் சில வாரங்கள் முன்னர் அர்மானியின் கிளையொன்றும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. நிறுவனங்கள் தமது முறைகளைத் திருத்திக்கொண்டதாக ஏற்று 2025 பெப்ரவரியில் அக்கண்காணிப்பு நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது கண்காணிப்பே, 53க்கும் 2,600க்கும் இடையிலுள்ள தூரம் நீங்கிவிட்டதென்று பொருளன்று. அந்தப் பட்டறையின் படுக்கைகளைப் படமெடுக்கும்படி எந்த நிறுவனமும் எவருக்கும் அனுமதிச் சீட்டு வழங்கவில்லை.

இத்துறையிலே நேர்மையான முயற்சி எதுவுமே இல்லையெனக் கூறுவது அநீதியாகும். 2015இல் இலண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் நிக் வப்பிளிங்டன் காட்சிப்படுத்திய படங்களை எடுத்துக்கொள்வோம். அலெக்சாண்டர் மக்குவீனின் 2009ஆம் ஆண்டுத் தொகுதி உருவான விதத்தை அவர் படிப்படியாகப் பதிவுசெய்தார். மேசைகளையும் வெட்டுத் துணிகளையும் களைத்த முகங்களையும் காட்டியதோடு, குப்பை மேடுகளின் படங்களையும் மீள்சுழற்சி நிலையங்களின் படங்களையும் பக்கத்திலே வைத்தார். இந்தப் பகட்டு ஈற்றில் எங்கே சென்று குவிகின்றது என்ற வினாவை அந்த அயல்வைப்பு எழுப்பிவிடுகின்றது. கமரா ஒப்பனையறைக்குள் நுழைந்ததனால் அவர் கலைஞராகவில்லை. அவ்வறையின் சுவருக்கு அப்பாலும் ஓர் உலகம் உண்டென்பதை மறவாமையினாலேயே கலைஞரானார். அவர் குப்பை மேடுவரை வந்தார். தையலறைவரை வருவோர் இன்னும் வேண்டும்.

தையலறைவரை வந்தவர்களும் உளர். அமெரிக்காவிலே ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கிய லூயிஸ் ஹைன், 1908 முதல் சிறுவர் உழைப்புக்கெதிரான தேசியக் குழுவுக்காகப் பருத்தி ஆலைகளுக்கும், நியூயோர்க்கின் நெரிசலான குடியிருப்புக்களில் குடும்பம் குடும்பமாக ஆடை தைத்த அறைகளுக்கும் கமராவைச் சுமந்து சென்றார். அவருக்கு எவரும் அனுமதிச் சீட்டு நீட்டவில்லை. வேதாகமம் விற்பவர் போலவும், தீப் பரிசோதகர் போலவும் வேடமிட்டு ஆலைகளுள் நுழைந்தார். தமது மேற்சட்டைப் பொத்தான்களையே அளவுகோலாக்கிக் குழந்தைகளின் உயரத்தைக் குறித்தார். பெயரையும் வயதையும் எழுதிவைத்தார். வறுமையிலேயே 1940இல் இறந்த அவருடைய படங்கள் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் இயக்கத்துக்கு ஆயுதமாயின. அவையும் இன்று நூதனசாலைகளில் தொங்குகின்றன. ஆனால் அங்கு தொங்குவதற்காக எடுக்கப்பட்டவையல்ல.

எமது காலத்திலே, 2013 ஏப்ரல் 24ஆந் திகதி, டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டுமாடிக் கட்டிடம் இடிந்து வீழ்ந்தது. 1,134 பேர் மாண்டனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டு வங்கி ஊழியர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஆடைத் தொழிலாளர் மட்டும் மறுநாள் உள்ளே அழைக்கப்பட்டனர். இடிபாடுகளிடையே ஒருவரையொருவர் தழுவியவாறு இறந்துகிடந்த ஆணையும் பெண்ணையும் படமெடுத்தவர் தஸ்லிமா அக்தர். அவர் புகைப்படக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியை; ஆடைத் தொழிலாளர் இயக்கத்தில் உழைப்பவர். அந்தப் படத்தின் அமைப்பிலே எந்தக் குறையும் காணமுடியாது. ஆனால் அதன் வலிமை அமைப்பிலே மட்டும் தங்கியிருக்கவில்லை. எடுத்தவர் அந்த மக்களின் பக்கத்திலே, படத்துக்கு முன்பும் நின்றார், பின்பும் நின்றார்.

எமது நாட்டுக்கும் இதிலே ஓரிடம் உண்டு. பாரிஸ் மேடையேறும் உயர்விலை ஆடை கட்டுநாயக்கவிலே தைக்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த மேடையிலே பிறக்கும் மோகந்தான் பிரதிகளாகவும் மலிவுப் பதிப்புக்களாகவும் உலகச் சந்தையிலே பரவுகின்றது. அந்தச் சந்தைக்கு ஆடை தைப்பவர்களுள் எமது பெண்களும் அடங்குவர். 1977இல் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்டு, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் நெருக்கமான வாடகை அறைகளில் வாழ்ந்து இத்தொழிலைத் தாங்கிவருகின்றனர். 2009இல் போர் ஓய்ந்தபின் வன்னியிலும் கிழக்கிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. போரிலே குடும்பத்தை இழந்த பெண்கள் பலரும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். 2011 மே 30ஆந் திகதி, ஓய்வூதியச் சட்டமூலமொன்றை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் திரண்ட தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர். காயமடைந்த இளம் தொழிலாளி ஒருவர் இரு நாட்களில் உயிர்நீத்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. உற்பத்தி இலக்கு எழுதிய பலகையின் கீழே குனிந்திருக்கும் எமது சகோதரியின் முகம் எந்தப் பெருநூலின் கனத்த தாளிலே இடம்பெற்றது?

‘அப்படியாயின் கலை பிரசாரமாகிவிடாதா?’ என்ற வழமையான கேள்வி இப்போது எழும். நாம் கேட்பது சுவரொட்டியையன்று. ஒளியும் நிழலும் வேண்டும், அமைப்பும் அளவும் வேண்டும், பார்ப்பவன் நெஞ்சிலே தைக்கும் அழகும் வேண்டும். ஹைனுக்கும் அக்தருக்கும் இவற்றுள் எது குறைந்தது? மேலும், பிரசாரம் என்ற குற்றச்சாட்டை எம்மீது சுமத்துவோர், விற்பனை நிறுவனத்தின் அனுமதியோடும் அதன் நன்மைக்காகவும் எடுக்கப்படும் படத்தை மட்டும் தூய கலை என்பது விந்தையே. முதலாளியின் விளம்பரம் கலையாகலாம், தொழிலாளியின் சாட்சியம் மட்டும் பிரசாரமாகும் என்ற அளவுகோலை யார் செய்து கொடுத்தது?

ஆசிரிய நண்பர்களையும் மாணவர்களையும் நாம் வேண்டுவது இதுவே. இன்று ஒவ்வொரு மாணவன் கையிலும் கமரா உண்டு. அழகிய படமொன்று வகுப்பறைக்கு வரும்போது அதன் அழகை மறுக்க வேண்டாம். அழகோடு நின்றுவிடவும் வேண்டாம். இதற்கு அனுமதி கொடுத்தவர் யார், படத்திலிருப்பவள் சம்மதித்தாளா, படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்ற மூன்று வினாக்களை மாணவர் தாமே எழுப்பப் பழகட்டும். டெகாவின் தட்டி மறைவிலே நின்ற கறுப்பு அங்கிக்காரனைத் தேடக் கற்றுக்கொண்ட கண், பின்னர் எந்தப் பளபளப்புக்கும் எளிதில் ஏமாறாது. அத்தகைய கண்ணுடையவர்கள் கட்டுநாயக்கவுக்கும் கிளிநொச்சிக்கும் கமராவோடு செல்லும் நாளில், அத்தொழிலாளரின் சம்மதத்தோடும் அவர்களுடைய பெயரோடும் எடுக்கப்படும் படங்களை இச்சஞ்சிகையின் பக்கங்களிலே வெளியிட நாம் காத்திருக்கின்றோம்.